ஸனூபாவும் நான்கு தக்கைகளும்

ஸனூபாவுக்கு நாற்பத்தொரு வயது. எங்கள் தீவின் படகுத்துறையோரம் வலைக்கூண்டில் இரைமீன்களை உயிரோடு காத்துத் தோணிக்காரர்களுக்குக் கொடுப்பவள். பதினாறு வருடமாக மார்பளவு நீரில் நிற்கிறாள். எந்த மீன் சோர்ந்திருக்கிறது என்று வாலசைவிலேயே சொல்லிவிடுவாள்.

வஜீஹின் தோணியில் இரை வீசுகிறவன் வேலை தேடித் தலைநகர் மாலேக்குப் போய்விட்டான். உயிருள்ள குட்டிமீன்களைப் பிடி பிடியாக வீசி, சூரைமீன் கூட்டத்தைத் தோணியருகே நிறுத்துகிற வேலை அது. பிடிபடும் மீனில் ஒரு பங்கு உண்டு. ஸனூபா அந்த இடத்தைக் கேட்டாள். வேறு ஆள் கிடைக்காததால் வஜீஹ் தலையாட்டினான்.

முதல் நாள், சூரை இருக்கும் இடத்தை எட்டுமுன்பே தோணியின் தொட்டியிலிருந்த இரைமீனெல்லாம் செத்து மிதந்தது. சுற்றுலா விடுதியிலிருந்து மீன்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்த ஆறு இத்தாலியப் பெண்கள் ஏமாந்து திரும்பினார்கள்.

"அப்பவே சொன்னேன் வஜீஹண்ணே, பொம்பள ஏறின தோணி உருப்படாதுன்னு" என்றான் தூண்டில்காரன் ஷியாம்.

"அந்த ஆறு பேரும் ஆம்பளைங்களா?" ஸனூபா கேட்டாள்.

"அவங்க விருந்தாளிங்கக்கா."

"ஓ. டாலர் குடுத்தா தோஷம் ஒட்டாதாக்கும்."

வஜீஹ் சிரிக்கவில்லை. "நாளைலேர்ந்து நீ வரவேணாம் ஸனூபா."

"சரிண்ணே. நாளைக்கு ஒரு பொம்பளையும் இல்லாம போங்க. மீன் பொழச்சா இனி கேக்கவே மாட்டேன். செத்தா என் இடம் எனக்கு."

"குடுத்துட்டாப் போச்சு" என்று ஷியாம் முந்திக்கொண்டான்.

விடுதி அறைகளைக் கூட்டலாம், மீனைக் காயவைக்கலாம், கூண்டைக் காக்கலாம். அப்போதெல்லாம் பெண்ணிடம் தோஷம் இல்லை. பங்கு கேட்டால் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

மறுநாள் தோணியில் ஆண்கள் மட்டுமே. விருந்தினரும் ஜெர்மன்காரர் நால்வர். ஸனூபாவே நல்ல மீனாகப் பார்த்து அள்ளிக் கொடுத்தாள். பதினொரு மணிக்கெல்லாம் தோணி திரும்பிவிட்டது. இரைமீன் அத்தனையும் செத்திருந்தது.

ஸனூபா தோணியில் ஏறித் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டாள். கடல்நீர் வந்துபோக அடியில் நான்கு துளைகள் உண்டு. நான்கிலும் தக்கை இறுகியிருந்தது.

"இத யாரு அடச்சது?"

ஷியாம் வஜீஹைப் பார்த்தான்.

"நான்தான்" என்றான் வஜீஹ். "நீ வர்றதுக்கு முந்தின தடவ தண்ணி வழிஞ்சு விருந்தாளிங்க பையெல்லாம் நனஞ்சுபோச்சு. பம்பு தண்ணி போதும்னு நெனச்சேன்."

"இத்தன மீனுக்கு எப்படிண்ணே போதும்? மூச்சு முட்டிச் செத்திருக்குதுங்க. பைய மேல மாட்டிவிட முடியாதா?"

வஜீஹ் தக்கைகளைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தான். "நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துடு."

அடுத்த நாள் பைகள் கூரைக்கம்பியில் ஆடின. தொட்டியில் மீன்கள் வெள்ளியாகச் சுழன்றன. ஸனூபா முதல் பிடியை வீசியதும் கடல் கொதித்தது. ஷியாம் தூண்டிலைச் சுண்டச் சுண்ட, அவன் தோளுக்கு மேலாகச் சூரை பறந்து வந்து தோணியில் விழத் தொடங்கியது.

"அக்கா, இந்தப் பக்கமும் வீசு!"

"பொம்பள வீசின இரைய சூரை திங்குமாடா?"

"திங்குதேக்கா. பேசாம வீசு."