விசாரணையில் யாரும் சொல்லாத வரி

1. எரிந்துகொண்டிருந்த மானிட்டர்

காலை ஒன்பது ஐம்பதுக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது நஸீமாவின் மானிட்டர். அது எரிந்துகொண்டிருந்தது. நஸீமாவுக்குப் பார்வை கிடையாது. மானிட்டரை அவள் போடுவதே இல்லை. முதலாளி ரங்கநாதன் அதன் முன் குனிந்து நின்று ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நஸீமா தன் நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் படித்து முடிக்கக் காத்திருந்தாள்.

எங்கள் அலுவலகம் மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், முதல் மாடியில் இருக்கிறது. ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது தொழில். சொற்பொழிவு, நேர்காணல், கம்பெனிகளின் ஒழுங்கு விசாரணை எல்லாம் வரும். விசாரணைக் கோப்புக்குத்தான் அதிகக் கவனம் தேவை, கூலியும் அதிகம். அதை ரங்கநாதன் எல்லோரிடமும் கொடுப்பதில்லை. நஸீமாவிடம் கொடுப்பார். நான் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் பக்க அமைப்பு செய்து ஓய்வு பெற்று, இங்கே மெய்ப்புப் பார்க்க வந்தவள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நஸீமா வேலை செய்யும் முறையைச் சொல்லியாக வேண்டும். பார்வையில்லாதவர்களின் கணினியில் ஸ்க்ரீன் ரீடர் என்றொரு மென்பொருள் இருக்கும். திரையில் உள்ளதை அது பேசும். நஸீமாவின் ரீடர் பேசும் வேகம் நமக்குப் புரியாது. அவளுக்குப் புரியும். ஒலிப்பதிவைக் கேட்டு அடிக்கும்போது மட்டும் அந்த ரீடரை ஊமையாக்கிவிடுவாள். ஆகவே அந்த நேரத்தில் ஹெட்போனில் விழுவதெல்லாம் ஒலிப்பதிவுதான். அவள் அப்படி நம்பினாள், நாங்களும் அப்படியே நம்பினோம்.

விசாரணைக் கோப்பில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. கேட்டது எதையும் விடக்கூடாது. இப்போது விசாரணைகள் பல ஆன்லைனில் நடக்கின்றன. 'பதிவு தொடங்கியது' என்று நடுவில் ஒரு பெண் குரல் சொல்லும். அதையும் 'இயந்திரக் குரல்' என்று போட்டு அடிக்க வேண்டும்.

அன்று ரங்கநாதன் படித்துக்கொண்டிருந்தது, பெருங்குடியில் உள்ள ஒரு கிடங்குக் கம்பெனி தன் ஸ்டோர் சூப்பர்வைசர் மீது நடத்திய விசாரணை. இருப்புக் கணக்குக் கோப்புகளை வேண்டுமென்றே அழித்தார் என்பது புகார். அதில் ஒரு சாட்சியின் பேச்சுக்கு நடுவே நஸீமா அடித்திருந்த வரி ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இயந்திரக் குரல்: உங்கள் கோப்புகளுக்குக் காப்பு நகல் இல்லை. இப்போதே பாதுகாப்பைத் தொடங்குங்கள்.'

கம்பெனி வக்கீல் அதைப் படித்துவிட்டு ஒலிப்பதிவைக் கேட்டிருக்கிறார். அந்த இடத்தில் அப்படி ஒரு குரல் இல்லை. நாங்களும் போட்டுக் கேட்டோம். சாட்சி தண்ணீர் குடிக்கும் சத்தம் மட்டும்தான் இருந்தது.

கேட்டு முடித்ததும் ரங்கநாதன் நிமிர்ந்தார். அவர் குரலை உயர்த்துபவர் அல்ல.

"காலங்கார்த்தால வக்கீல் கூப்பிட்டார், நஸீமா. கோப்பு தானா தொலைஞ்சதுன்னு தோணற மாதிரி ஒரு வரியை யாரோ சேர்த்திருக்கான்னு சொல்றார். யார் பக்கம் சாஞ்சு சேர்த்தேள்னு கேக்கறார். நான் என்னத்தைச் சொல்ல?"

"கேட்டதைத்தான் அடிச்சேன் சார்."

"ரெக்கார்டிங்ல இல்லையேம்மா."

"இல்லதான். ஆனா கேட்டேன்."

வக்கீல் வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருந்தார். அதற்குள் எழுத்துமூலம் விளக்கம் வேண்டும். அதுவரை நஸீமா சொற்பொழிவு டேப் அடிக்கட்டும் என்றார் ரங்கநாதன். டேப் அடிக்கப் போனவர்கள் யாரும் விசாரணைக்குத் திரும்பி வந்ததில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நஸீமா மானிட்டரின் பின்னால் கைவிட்டு, ஸ்விட்சைத் தடவி அணைத்தாள். அடுத்து என்னிடம் திரும்பி, அதே மிஷினில் அதே ஒலிப்பதிவை மறுபடி ஓட்டலாம், நீங்களும் கூட உட்காருங்கள் என்றாள்.

2. வருகைக்குக் காத்திருந்தது

இரண்டு ஹெட்போன் மாட்டும் பிரிப்பு வயர் ஒன்றைத் தேடி எடுத்தேன். மறுநாள் காலை அவள் அடித்தாள், நான் பக்கத்தில் ஹெட்போனோடு உட்கார்ந்து, எரியும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. கபாலி கோவில் பக்கம் போகும் நாதஸ்வரம் ஜன்னல் வழியாக வந்தது, போனது. சாப்பாட்டு வேளையும் வந்தது.

"பொண்ணு பாக்க வர்றவங்க மாதிரிதான் அக்கா இது," என்றாள் நஸீமா, டிபன் டப்பாவை மூடியபடி. "நாம தலை வாரி உக்காந்திருந்தா வர மாட்டாங்க. வீடு கூட்டிக்கினு இருக்கும்போது வந்து நிப்பாங்க."

அவள் வீடு மீர்சாகிப்பேட்டையில். அப்பா அங்கே பூட்டுச் சாவி வேலை செய்கிறார். மூன்று தலைமுறையாக அதே தெரு. விசாரணைக் கோப்பின் கூலியில்தான் அவள் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். இதை அவள் சொல்லி எனக்குத் தெரியாது. தம்பி அவளைக் கூட்டிப்போக வரும்போது சொன்னது.

பிற்பகல் ரங்கநாதன் வந்தார். போதும், மற்ற வேலை நிற்கிறது என்று சொல்லத்தான் வந்திருந்தார். நான் என் ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். வேண்டா வெறுப்பாக ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, மறு காது எங்கள் பக்கம் இருக்க, இப்படியே போனால் கோப்புகளெல்லாம் தேங்கிவிடும் என்று பேசிக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிறுத்திவிட்டுத் தன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யார் பேசறா?"

பின்னால் சுவரும் காலண்டரும்தான் இருந்தன. திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு பெட்டி ஏறி நின்றது. கோப்புகளை இணையத்தில் வைத்துக்கொள்ளும் மேகச் சேமிப்புக்குச் சந்தா கட்டச் சொல்லும் விளம்பரம். நான் அதைப் படித்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டது.

"அதைத்தான் சார் அடிச்சேன்," என்றாள் நஸீமா.

கணினியை இயக்கும் இயங்குதளத்துக்குள்ளேயே இன்னொரு பேசும் குரல் இருக்கிறது. நஸீமாவின் ரீடர் திடீரென்று நின்றுபோனால் கைகொடுக்க வைத்திருப்பது. ஓர் அப்டேட்டுக்குப் பிறகு அது யாரும் கேட்காமல் தானாக இயங்கத் தொடங்கியிருந்தது. நஸீமா ஊமையாக்கியது தன் ரீடரை மட்டும். மூலையில் விளம்பரம் ஏறும்போதெல்லாம் இந்தக் குரல் அதைப் பொறுமையாக, நல்ல பெண் குரலில், ஆன்லைன் கூட்டத்தில் வரும் அறிவிப்பைப் போலவே படித்திருக்கிறது. மானிட்டர் அணைந்திருந்ததால் பார்வை உள்ள எங்களில் யாரும் பெட்டியைப் பார்க்கவில்லை.

3. பேப்பரில் இல்லையா

மறுநாள் பாண்டி பஜாரிலிருந்து குமரேசன் வந்தார். எங்கள் கணினிகளை விற்றதும் பராமரிப்பதும் அவர்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"இதுக்கா மேடம் என்ன கூப்ட்டீங்க? எல்லா மிஷின்லயும் அப்டித்தான் கீது. அந்தக் குரலை ஆஃப் பண்ணி வுட்டா முடிஞ்சிச்சு."

"குரலை ஆஃப் பண்ணா விளம்பரம் போயிடுமாண்ணே?" என்று நஸீமா கேட்டாள்.

"அது போவாது."

"அப்ப வந்துக்கினேதான் இருக்கும். எனக்கு மட்டும் தெரியாது. அடிச்சிக்கினு இருக்கும்போது கர்சரைப் பிடுங்கிக்கினு போனா? என் ரீடர் நின்னுட்டா அந்தக் குரலை வெச்சிதான் நான் வெளிய வரணும். குரல் இருக்கட்டும். விளம்பரத்தை எடுங்க."

குமரேசன் அரை மனதோடு உட்கார்ந்தார். செட்டிங்ஸில் விளம்பரத்தை அணைக்கும் இடம் ஒன்றாக இல்லை. ஸ்டார்ட் மெனுவுக்கு ஒன்று, பூட்டுத் திரைக்கு ஒன்று, மூலைப் பெட்டிக்கு ஒன்று, கோப்புகள் திறக்கும் ஜன்னலுக்கு ஒன்று. எதன் மேலும் 'விளம்பரம்' என்று எழுதியிருக்கவில்லை. 'குறிப்புகள்', 'பரிந்துரைகள்', 'உங்கள் சாதனத்தைச் சிறப்பாகப் பயன்படுத்தும் வழிகள்' என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அப்டேட் ஒன்று காத்திருக்கிறது, அதையும் முடித்துவிடுகிறேன் என்று மிஷினை மறுபடி போட்டார். திரை முழுக்க நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்தது. மேகச் சேமிப்பு, சந்தா, இன்னும் சில. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'தொடர்க'. மற்றது 'மூன்று நாளில் நினைவூட்டு'. வேண்டாம் என்று சொல்லப் பொத்தான் இல்லை.

ரங்கநாதன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காசு குடுத்துத்தானேய்யா வாங்கினோம்?" என்றார். "திருட்டு காப்பி போட வேண்டாம்னு சொல்லி, மிஷினுக்கு மிஷின் லைசென்ஸ் வாங்கினேன்."

"பேப்பரும் துட்டு குட்த்துதான் சார் வாங்குறோம்," என்றார் குமரேசன். "அதுல விளம்பரம் இல்லியா? மேடம் அதுலதான வேலை பாத்தாங்க."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாளிதழில் நாளைய பக்கம் காலியாக இருக்கும்போதே முதலில் விளம்பரங்களுக்கு இடம் குறிப்போம். அந்தத் தாளுக்கு டம்மி என்று பெயர். மிச்ச இடம்தான் செய்திக்கு. வாசகர் காசு கொடுத்துத்தான் வாங்கினார். விளம்பரம் இல்லாவிட்டால் அந்த விலைக்குக் கொடுத்திருக்கவும் முடியாது. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் அங்கே இரண்டு விஷயங்கள் கறாராக இருந்தன. விளம்பரத்தைச் சுற்றிக் கோடு இருக்கும். அது கோட்டைத் தாண்டி வராது. இரண்டாவது, செய்தி போலத் தோன்றும் விளம்பரத்தின் தலையில் 'விளம்பரம்' என்று போட வேண்டும். ஒரு முறை அடுக்குமாடிக் கட்டடம் விற்பவர் ஒருவர் முழுப் பக்கம் கொடுத்தார். செய்தி எழுத்துருவிலேயே வேண்டும், தலையில் அந்தச் சொல் வேண்டாம் என்றார். வேண்டுமானால் கூடக் காசு தருகிறேன் என்றும் சொன்னார். எங்கள் விளம்பர மேலாளர் பெரிய பேச்சுக்காரர் இல்லை. "அந்தச் சொல்லு இல்லாம பக்கம் மிஷினுக்குப் போவாது சார். நீங்க வேற பேப்பர் பாருங்க," என்றார். கட்டடக்காரர் போய்விட்டு மறுநாள் திரும்பி வந்தார். சொல்லோடு போட்டோம்.

இதைக் குமரேசனிடம் சொன்னேன். கண்ணால் படிப்பவருக்கு மூலை என்று ஓர் இடம் இருக்கிறது, பார்க்காமல் விடலாம். காதால் படிப்பவருக்கு மூலை கிடையாது. வந்தது எல்லாம் நடுவில்தான் வரும். அதன் தலையில் 'விளம்பரம்' என்ற சொல்லும் இல்லாவிட்டால் அவள் எப்படிப் பிரிப்பாள்?

குமரேசன் மறுபடி மிஷின் பக்கம் திரும்பினார். இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். போட்டுப் பார்த்தோம். விளம்பரம் இல்லை. நஸீமாவின் கால் பெடல் அதில் வேலை செய்யவில்லை. பெடல் இல்லாமல் ஒலியை நிறுத்தி ஓட்ட முடியாது. மாலையில் பழையதையே திரும்ப ஏற்றினார்.

 விளம்பரம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று நஸீமா கேட்டாள். இன்டர்நெட் வழியாக என்றார் குமரேசன். அந்த வயர் எங்கே என்றாள். மேஜைக்கு அடியில், சுவரோரம், குனிந்து தேட வேண்டிய இடத்தில் இருந்தது.

"அதை என் கைக்கு எட்ற மாதிரி மேல கொண்டாங்க. அடிக்கும்போது நானே புடுங்கி வெச்சிடறேன். வேலைக்கு நெட்டு எதுக்கு?"

குமரேசன் வயரை மேஜையின் வலது ஓரத்துக்கு இழுத்து, கிளிப் போட்டு நிறுத்தினார். இந்த வேலைக்கு அவர் பில் போடவில்லை.

4. திருத்தம்

வெள்ளிக்கிழமை காலை ரங்கநாதன் விளக்கத்தை எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். குறிப்பிட்ட வரி தட்டச்சுப் பிழை, வருந்துகிறோம், நீக்கிவிட்டோம். அவ்வளவுதான். கீழே தட்டச்சு செய்தவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

நஸீமா பேனாவை வாங்கவில்லை.

"பிழை இல்லையே சார்."

"தெரியும்மா. ஆனா நம்ம மிஷின்ல விளம்பரம் பூந்ததுன்னு எழுதினா, வேற என்னெல்லாம் பூந்ததுன்னு கேப்பா. கோப்பு வெளியில போயிடுத்தான்னு கேப்பா. இது ரகசிய வேலை. பிழைன்னா ஒரு வரியோட போயிடும்."

"உங்களுக்கு ஒரு வரி சார். கண்ணு தெரியாத பொண்ணு, தப்பா அடிச்சிட்டான்னு எனக்கு அது ஆயுசுக்கும் நிக்கும். நாளைக்கு எந்த வக்கீல் என்கிட்ட விசாரணை குடுப்பார்? நடந்ததைப் போடுங்க, கையெழுத்துப் போடறேன். இதுல மாட்டேன்."

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரங்கநாதன் என்னைப் பார்த்தார். நாளிதழில் திருத்தம் வெளியிடும்போது மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். என்ன அச்சானது, எது சரி, எப்படி நேர்ந்தது. மூன்றாவதை விட்ட திருத்தத்துக்கு மறுநாள் இன்னொரு திருத்தம் தேவைப்படும்.  ரங்கநாதன் தாளைக் கிழித்துவிட்டு, "சொல்லுங்கோ, எழுதிக்கறேன்," என்றார்.

எழுதியது இதுதான்: "இருபதாம் பக்கத்தில் 'இயந்திரக் குரல்' என்று உள்ள வரி ஒலிப்பதிவில் இல்லை. எங்கள் கணினியின் இயங்குதளம் காட்டிய விளம்பரத்தை அதன் குரல் படித்தது. தட்டச்சு செய்தவர் காதில் விழுந்ததை விதிப்படி பதிவு செய்தார். வரி நீக்கப்படுகிறது. இனி விசாரணைப் பதிவுகள் இணையத் தொடர்பு இல்லாத நிலையில் மட்டுமே எழுத்தாக்கப்படும்."

நான் அதைக் கணினியில் அடித்ததும், நஸீமாவின் ரீடர் அவளுக்கு இரண்டு முறை படித்தது. அச்செடுத்த தாளில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் ஸ்கேலை வைத்தேன், அவள் அதன் ஓரத்தைத் தடவிப் போட்டாள்.

வக்கீல் மாலையில் போன் செய்தார். ரங்கநாதன் 'ஆமாம் சார்', 'இல்லை சார்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, அடுத்த அமர்வின் ஒலிப்பதிவை மெயிலில் அனுப்ப மாட்டாராம், பென் டிரைவில் ஆள் கொண்டு வந்து கொடுப்பாராம் என்றார்.

புதிதாகச் சேருபவர்களிடம் இப்போது இரண்டு சொல்கிறேன். காதில் ஒரு குரல் விழுந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு அடியுங்கள். தவறு உங்களுடையது இல்லையென்றால், உங்களுடையது என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இயங்குதளத்துக்கு அப்டேட் வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமை மாலைகளில் நஸீமா வயரைத் திரும்பச் செருகுகிறாள். போன வாரம் செருகியதும் முதலில் வந்தது, மூன்று நாளில் நினைவூட்டட்டுமா என்ற கேள்வி.