நாலு பேர் பூட்டிய பெட்டி

அன்று கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரி. எங்கள் ஒரே மகள். என் மச்சினன், அதாவது வீட்டுக்காரியின் தம்பி. நாலு பேர். நாற்காலி ஒன்றுதான்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் நான் பிரஸ் மெஷின் ஃபிட்டர். எட்டாவது வரை படித்தவன். கம்ப்யூட்டர் மகளுக்காக வாங்கியது. மெயில், ரிசல்ட், வேலைக்குப் பதிவு செய்த இடங்கள் என்று அவளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு. எல்லாவற்றையும் தினசரி காலண்டர் தாளில் எழுதி வைத்தாள். மறுநாள் காலை வீட்டுக்காரி வழக்கம்போல் தாளைக் கிழித்தாள். அதில் பூ மடித்துப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவுக்குக் கொடுத்தாள். அந்த அம்மா தாளை அடுப்பில் போட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் மகள் அந்த சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தாள். ஏதோ புத்தகத்தோடு கொடுத்த சிடியில் இருந்ததாம். எல்லா பாஸ்வேர்டையும் அதற்குள் போட்டு, ஒரே ஒரு பாஸ்வேர்டால் பூட்டிவிடலாம். உள்ளே இருப்பவற்றை அதுவே நீளமாக, கன்னாபின்னாவென்று அமைத்துக்கொள்ளும். யாருக்கும் மனப்பாடம் ஆகாது. நாங்கள் அதைப் பெட்டி என்று சொன்னோம்.

"பெட்டிய தொறக்கிற அந்த ஒண்ணு யாருக்குத் தெரியணும்?" என்றாள் வீட்டுக்காரி.

"எனக்குத்தான்" என்றாள் மகள்.

"நீ மறந்துட்டா?"

"எங்கிட்ட சொல்லி வை" என்றான் மச்சினன்.

"உங்ககிட்ட சொன்னா பஸ் ஸ்டாண்டுக்கே தெரிஞ்சிடும் மாமா."

நான் கம்பெனி வழக்கத்தைச் சொன்னேன். மெஷினைப் பிரிக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வேலை செய்யும் ஒவ்வொருவனும் தன் பூட்டை அதில் மாட்ட வேண்டும். நாலு பேர் என்றால் நாலு பூட்டு. நாலும் கழன்றால்தான் மெஷின் ஓடும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். ஒருவன் மறந்து வீட்டுக்குப் போனாலும் ஆள் அனுப்பிக் கூட்டிவருவார்கள். பூட்டை வெட்ட மாட்டார்கள். எங்கள் பிரிவில் இதுவரை ஒருவனுக்கும் விரல் போனதில்லை.

அதையே பிடித்துக்கொண்டார்கள். பாஸ்வேர்டு நாலு துண்டு ஆனது. ஆளுக்கு ஒரு துண்டு. ஒருவர் அடிக்கும்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும்.

திரையில் எழுத்து தெரியாது. நட்சத்திரம்தான் வரும். திரும்பிப் பார்த்ததும் நான் எண்ணுவேன். என்னுடையது நாலு. மச்சினன் மூன்று. மகள் ஆறு. கடைசியாக வீட்டுக்காரி. அவள் முந்தானையை விரித்துத் திரையை மூடிக்கொண்டு, ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பாள். முடித்ததும் அவளே என்டரைத் தட்டிவிடுவாள். பெட்டி திறந்துகொள்ளும். எண்ண விடமாட்டாள்.

தினம் சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்து வந்ததும், நாலு பேரும் கூடித் திறப்போம். அதற்காகவே மச்சினன் நேரத்துக்கு வீடு வந்தான். கம்ப்யூட்டர் பக்கமே போகாத வீட்டுக்காரி அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். டீ அங்கேயே குடித்தோம்.

பிறகு வீட்டுக்காரி ராகி அறுப்புக்கு நாட்றாம்பாளையம் போனாள், அவள் அம்மா வீட்டுக்கு. பெட்டியைத் திறந்தபடியே விட்டு, கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருந்தோம். எட்டாம் நாள் விடியற்காலையில் கரண்ட் போனது. வந்தபோது பெட்டி பூட்டிக் கிடந்தது.

அதன் பிறகுதான், அன்று காலை, மகளுடைய தோழி போன் செய்தாள். அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் நாளை காலை இன்டர்வியூ. கடிதம் மெயிலில் வந்திருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோகாவிட்டால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். மெயில் பாஸ்வேர்டு பெட்டிக்குள். பாஸ்வேர்டை மறந்தவர்களிடம் மெயில் கேட்கும் கேள்விக்கான பதிலையும் அவள் பெட்டிக்குள்தான் போட்டிருந்தாள்.

மாமியார் வீட்டில் போன் இல்லை. அந்த ஊர் டீக்கடைக்குப் போன் அடித்து வீட்டுக்காரியைக் கூப்பிடச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன்.

"உன் துண்டைச் சொல்லு. எழுதிக்கிறேன்."

"இங்க பத்து பேரு நிக்கிறாங்க. சொல்லமாட்டன்."

"அவசரம்."

"மாட்டுனவங்கதான் கழட்டணும்னு யாருங்க சொன்னது? நானே வரன்."

போனை வைத்துவிட்டாள். இரண்டு பஸ் மாறி சாயங்காலம் வந்து சேர்ந்தாள். தலையில் ராகித் தூசி. கையில் மொச்சைப் பை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நான் அடித்தேன். மச்சினன். மகள். அவள். தப்பு என்று வந்தது.

"டேய், நீதான்டா" என்றாள் தம்பியை.

"மூணே எழுத்துக்கா. மூணுல என்னா தப்பு வரும்?"

"மூணு மாசம் ஒரு வேலையில நிக்காதவனுக்கு மூணு எழுத்து நிக்குமா?"

"நீ மண்ணு கையோட அமுக்கின. அதான்."

கை கழுவிவிட்டு வந்தாள். மறுபடி அடித்தோம். மறுபடி தப்பு. மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஜெராக்ஸ் கடை மூட ஒரு மணி நேரம் இருந்தது.

நான் பாக்கெட்டில் கையை விட்டேன். சாவி தட்டுப்பட்டது. புதுச் சாவி.

"நான்தான்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"போன வாரம் பூட்டு மாத்திக் குடுத்தாங்க."

என் துண்டு என் கம்பெனிப் பூட்டில் அடித்திருக்கும் எண். பழைய பூட்டு துருப்பிடித்ததால் ஸ்டோரில் புதியது கொடுத்தார்கள். அதற்கு வேறு எண். விரல் புது எண்ணை அடித்துவிட்டது.

மச்சினன் சிரித்தான். மகள் சிரித்தாள். வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அறுத்த கதிர அப்படியே போட்டுட்டு ஓடி வந்தன். பூட்டுக்காரரே பூட்ட மாத்திட்டு நிக்கிறாரு!"

"இனிமே அப்பா பூட்ட மாத்துனா வீட்டுல எழுதி ஒட்டணும்" என்றாள் மகள்.

"காலண்டர்ல ஒட்டு. அக்கா பத்திரமா கிழிச்சிடும்" என்றான் மச்சினன்.

பழைய எண்ணை அடித்தேன். பெட்டி திறந்தது. மகள் கடிதத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஓடினாள். மச்சினனும் கூடவே ஓடினான்.

மறுநாள் சாயங்காலம் மகள் வந்து வேலை கிடைத்தது என்றாள். வாசலில் நின்றபடியே சொன்னாள். நான் சரி என்றேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா சர்க்கரை கொண்டுவந்து எல்லார் வாயிலும் போட்டார்.

வேலையில் சேருகிறேன் என்று மெயில் அனுப்ப வேண்டும். மறுபடி நாலு பேரும் கூடினோம். மூன்று பேர் அடித்தோம். வீட்டுக்காரி உட்கார்ந்தாள். நாங்கள் சுவர்ப் பக்கம் திரும்பினோம்.

"இன்னிக்கு எதுக்கு அதெல்லாம். பாத்துக்கங்க" என்றாள்.

முந்தானையை விரிக்கவில்லை. ஒற்றை விரலால் அடித்தாள். என்ன அடித்தாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. எங்கள் பதிமூன்றை விட்டுவிட்டு அவளுடைய நட்சத்திரத்தை மட்டும் எண்ணினேன்.

பதினொன்று.