காலில் சிவப்பு வைத்த கோழிகள்

நிறத்தைப் பார்த்துக் கோழி வளர்க்கிறவர்கள் மேல் எனக்கு எந்த மரியாதையும் கிடையாது. முட்டைக்கு வளர்க்கலாம், கறிக்கு வளர்க்கலாம், சண்டைக்குக்கூட வளர்க்கலாம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. இறகின் ஓரத்தில் கறுப்புக் கோடு ஒழுங்காக ஓடுகிறதா என்று வெயிலில் சிறகை விரித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனிடம் என்ன நியாயம் இருக்கிறது? ஒன்றரை வருடம் அப்படி நின்றவன் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. ஓசூரில் வண்டி பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் நான் கான்ட்ராக்ட் தொழிலாளி. டியூப்லைட் வரிசைக்குக் கீழே பெட்ரோல் டேங்குகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நிறம் ஒரு பொட்டு மாறியிருந்தாலும் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து ஓரமாகத் தள்ளுவதுதான் வேலை. சிவப்பு விழுந்தால் ரிஜெக்ட். கம்பெனியில் எங்களையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாசல் அட்டையைப் புதுப்பிப்பார்கள்; புதுப்பிக்காவிட்டால் மறுநாள் வேலை கிடையாது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்து மத்திகிரியில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். பெர்மனன்ட் ஆக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசை இல்லை.

பெர்மனன்ட் பட்டியலுக்குப் பெயர் அனுப்புகிறவர் எங்கள் பிரிவு மேனேஜர். பெங்களூர்க்காரர். குருபரப்பள்ளிக்கு உள்ளே மாந்தோப்பு ஒன்றை வாங்கிப் போட்டு, அதில் பேண்டம் என்கிற குள்ளக் கோழிகளை வளர்த்தார். அவை புறாவைவிடக் கொஞ்சம் பெரிசு. நாலு முட்டை உடைத்தால்தான் ஒரு ஆம்லெட் தேறும். அவற்றில் அவர் உயிரை விட்டது ‘ப்ளூ’ என்கிற நிறத்துக்கு. ப்ளூ என்றால் நீலம் இல்லை. எங்கள் ஊரில் அதைச் சாம்பல் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். ஒவ்வொரு இறகுக்கும் மை தீட்டியதுபோல் ஓரத்தில் ஒரு கோடு இருக்கும். அதற்குத்தான் அத்தனை கொண்டாட்டம்.

ஒருநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்களைப் போன்றவர்களை உள்ளே கூப்பிட்டால் சீட்டைக் கிழிக்கத்தான் கூப்பிடுவார்கள். அவரோ அட்டைப்பெட்டியில் ஒரு ப்ளூ சேவலையும் ஒரு ப்ளூ பெட்டையையும் வைத்திருந்தார்.

“உனக்கு நல்ல கண்ணுப்பா. ஒரு அடை வை. பொரிக்கிற குஞ்சு அத்தனையும் ப்ளூவா இருக்கணும், ஒண்ணுகூட மாறக் கூடாது. கொண்டா. அப்பறம் உன் விஷயத்தப் பேசலாம்” என்றார்.

வீட்டில் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வேலைக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். ஆபீஸ் விவகாரம் உனக்குப் புரியாது என்றேன். எனக்குப் புரிந்த லட்சணம் பின்னால் தெரிந்தது.

முதல் அடையில் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. ஐந்து ப்ளூ, இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை. அந்த வெள்ளையிலும் சுண்ணாம்புச் சுவரில் மை தெறித்த மாதிரி அங்கங்கே சாம்பல் திட்டு. அடுத்த அடையிலும் அதே கதைதான். அதற்கடுத்ததிலும் பாதிக்குப் பாதிதான் ப்ளூ. நாங்கள் ரசம் ஊற்றிச் சாப்பிட்ட நாட்களில் குஞ்சுகளுக்கு அவித்த மஞ்சள் கரு வைத்தேன். ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறம் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாட்டுக்கோழி உள்ளே வந்தால், என்னவோ நான் ஜமீன்தார் மாதிரி அதைத் துரத்தினேன். அந்தக் கோழி தினமும் ஒரு முட்டை போட்டு அந்த வீட்டுக்கு உதவியாவது செய்தது.

ப்ளூ குஞ்சுகளை நான் வைத்துக்கொண்டேன். கறுப்பும் தெறிச்ச வெள்ளையும் கொஞ்சம் வளர்ந்ததும், பழக்க தோஷம், கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் பெயின்டால் அவற்றின் வலது காலில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். மேனேஜர் சொன்னபடி அவருடைய டிரைவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவற்றைக் கூடையில் எடுத்துக்கொண்டு போவார். வேஸ்ட்டை எதற்கு வீட்டில் வைத்துத் தீனி போடுகிறாய், தோப்பில் நாய்க்குப் போட்டுவிடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இவ்வளவு பெரிய மனிதர் நம் தீனிச் செலவைப் பற்றி யோசிக்கிறாரே என்று நான் உருகிப்போனேன். அப்படி உருகியவனை இன்று எதிரில் பார்த்தால் கன்னத்தில் ஒன்று விடுவேன்.

ஒவ்வொரு அடை பொரித்ததும் அவர் கம்பெனியில் நாங்கள் வேலை செய்யும் வரிசைப் பக்கம் வந்து எத்தனை என்று கேட்பார். பாதி சார் என்பேன். குவாலிட்டியில் இருக்கிறவனுக்கே கண் இல்லையென்றால் எப்படி என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போவார். நானும் என் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, தோப்பு வேலிக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று எங்களில் நாலு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கம்பெனி வேலையா என்று யாரும் கேட்கவில்லை. கான்ட்ராக்ட்டில் இருப்பவன் அப்படிக் கேட்க மாட்டான். தோப்புக்கு உள்ளே கம்பிவலைக் கூண்டுகள் வரிசையாக இருந்தன. முதல் கூண்டில் முப்பதுக்கும் மேல் ப்ளூ. ஒரே அச்சில் வார்த்த மாதிரி, ஒன்றுக்கொன்று மாற்றமே இல்லை. கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டேன். மேனேஜர், பெங்களூரிலிருந்து வந்த இரண்டு நண்பர்களுக்கு அவற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். எப்படி இவ்வளவு சீராக வருகிறது என்று ஒருவர் கேட்டார். எல்லாம் கண்தான், பத்து வருட உழைப்பு என்றார்.

அடுத்த கூண்டில் நாலு கோழிகள் தனியாக இருந்தன. இரண்டு கறுப்புச் சேவல், இரண்டு தெறிச்ச பெட்டை. நாலுக்கும் வலது காலில் சிவப்புக் கோடு.

தோப்பைப் பார்த்துக்கொள்கிற பெரியவர், தெலுங்கு பேசுகிற உள்ளூர் விவசாயி, தண்ணீர்க் குண்டானோடு வந்தார். நாய்க்குப் போடவில்லையா என்று அவரிடம் கேட்டேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நாய்க்கா? இதுங்கதான் சாமி அந்தக் கும்பலுக்கே தாயும் தகப்பனும். கருப்பையும் தெறிச்சதையும் சேத்து உட்டா வர்றதெல்லாம் சாம்பல்தான், ஒண்ணுகூட மாறாது. சாம்பலுக்குச் சாம்பல உட்டா எந்தக் காலத்துலயும் பாதிதான். எங்க சாருக்கு அது மொதல்லயே தெரியும்.”

அவருக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துதான் எனக்கு ப்ளூவும் ப்ளூவும் கொடுத்திருக்கிறார். தலைகீழாக நின்றாலும் நிறைவேறாத ஒரு நிபந்தனையைப் போட்டு, அதற்காக நான் நாயாய் உழைத்துக் கழித்ததையெல்லாம் கூடையில் வாரிக்கொண்டு போயிருக்கிறார். அதைவிட என்னை எரித்தது வேறு. என்னை அந்தத் தோப்புக்கே வேலைக்கு வரச்சொன்னபோது, இவன் பார்த்துவிடுவானே என்று அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பார்த்தால்தான் என்ன என்று விட்டுவிட்டார். அவ்வளவு கேவலமாக என்னைக் கணக்குப் போட்டிருந்தார். மாலை வரை வேலிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தேன். சொட்டுக்கூடச் சிந்தாமல் அடித்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கூடையில் அப்போது ஒரு கறுப்புச் சேவலும் ஒரு தெறிச்ச பெட்டையும் வளர்ந்து தயாராக இருந்தன, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காக.

“இந்த ரெண்டையும் குடுக்காதீங்க. நம்மளே சேத்து விடுவோம். அத்தனையும் சாம்பலாப் பொரிக்கட்டும், கொண்டுபோயி அந்தாளு மேசையில வைங்க” என்றாள்.

அதுதான் சரி என்று எனக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க, அவர் மேசையில் பெட்டியை வைத்து என்னென்ன பேசுவேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே டேங்குகளைத் திருப்பினேன். தைப்பொங்கலுக்குள் பட்டியல் வரும் என்று கம்பெனியில் பேச்சு இருந்தது. அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் அது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல் டிரைவர் வந்து வாசலில் நின்றார். நான் உள்ளே போய் டப்பாவைத் திறந்து, சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதன் வலது காலில் சிவப்புக் கோடு இழுத்தேன். பெட்டைக்கும் இழுத்தேன். மனைவி அடுப்படி நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிரைவர் இரண்டையும் கூடையில் போட்டு மூடினார். அடுத்த அடையைத் தள்ளிப் போடாமல் சீக்கிரம் வைக்கச் சொன்னாராம் சார்.

“சரிங்கன்னு சொல்லுங்க” என்றேன்.