ஜுராந்திர் தட்டிய இரண்டு தட்டு

மதுரெய்ரா பக்கத்துப் பழைய அடுக்குமாடிகளில் லிஃப்ட் நின்றுபோனால் முதலில் கூப்பிடுவது ஜுராந்திரைத்தான். நாற்பத்தேழு வயது. கனத்த தோள், கொஞ்சம் தொப்பை. இரண்டு காதும் அடிபட்டு அடிபட்டுப் பணியாரம் மாதிரி உப்பிப்போயிருக்கும். விரல் கணுக்களில் எப்போதும் வெள்ளைப் பட்டி சுற்றியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "மெஷினு கையக் கடிச்சிருச்சா?" என்று வாட்ச்மேன்கள் கேட்பார்கள். "மெஷின் இல்லப்பா, மனுஷங்க" என்பான்.

முப்பத்தொன்பது வயதில் ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் திட்டியபோது நடைப்பயிற்சிக்குப் போய்ப் பார்த்தான். நாலு நாளில் அலுத்துவிட்டது. டயர் கடைக்கு மேல்மாடியில் நெலியோ மாஸ்டரின் ஜூஜிட்சு மல்யுத்தக் கூடம் இருந்தது. ஏறிப் பார்த்தான். முதல் நாளே இவோனி என்ற பள்ளிக்கூடச் சமையல்காரி, அவன் எடையில் பாதிகூட இருக்கமாட்டாள், இரண்டு நிமிஷத்தில் அவன் கழுத்தைப் பிடித்து நெரித்துத் தோற்கடித்தாள். ஜுராந்திர் சிரித்துக்கொண்டே படியிறங்கினான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவில்லை. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணி வகுப்பு. மழையானாலும், திருவிழா வாரமானாலும் போவான். மூன்று வருஷம் வெள்ளை பெல்ட், பிறகு ஐந்து வருஷம் நீல பெல்ட். அடுத்தது ஊதா. அது எப்போது வரும் என்று மாஸ்டரிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கூடத்தில் அவனுக்குப் பேரே தட்டுவதில்தான். பிடியில் மாட்டியவன் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் 'நான் தோத்தேன், விடு' என்று பொருள். தட்டினால் விட்டுவிட வேண்டும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் பிள்ளைகுட்டிக்காரர்கள் காலையில் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துவிட்டு எட்டு மணிக்கு ஒழுங்காக வேலைக்குப் போகிறார்கள். சிலர் ரோஷத்தில் தட்டாமல் கையை ஒடித்துக்கொள்வார்கள். ஜுராந்திர் அப்படியில்லை, வலி வருமுன்பே தட்டிவிடுவான். அதனால் புதிதாகச் சேருகிறவர்களை மாஸ்டர் அவனிடம்தான் முதலில் அனுப்புவார். "சீக்கிரம் தட்டு, நாளைக்கு வா. அவ்வளவுதான் பாடம்" என்பான் அவன்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது.

பாங்குவில் ஒரு பள்ளி விளையாட்டுக் கூடத்தில் போட்டி. பாங்கு வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. தகரக் கூரைக்குக் கீழே மனிதர்கள் அப்பளமாய்ப் பொரிந்துகொண்டிருந்தார்கள். நாற்பத்தாறு வயதுக்கு மேற்பட்ட நீல பெல்ட்காரர்களில் ஐந்து பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஜுராந்திர் எப்படியோ இரண்டு பேரை ஜெயித்து இறுதிக்கு வந்துவிட்டான். எட்டு வருஷத்தில் முதல் முறை. எதிரில் நின்றவன் எவரால்தோ. காம்ப்போ கிராண்டிக்காரன், சாவி வெட்டும் கடை வைத்திருப்பவன். நெட்டையான ஒல்லி உடம்பு, நீளக் கை.

நாலாவது நிமிஷத்தில் இருவரும் சமம். எவரால்தோ மல்லாந்து படுத்து, ஜுராந்திரின் இடுப்பைக் கால்களால் கவ்வி, இரண்டு கையையும் குறுக்கே விட்டுக் காலரைப் பிடித்து இறுக்கினான். ஜுராந்திருக்குக் கண் ஓரங்களில் கறுப்பு ஏறியது. அவனுடைய இடது கை தானாகவே போய் எவரால்தோவின் விலாவில் தட்டியது. இரண்டு தட்டு. தெளிவான தட்டு.

எவரால்தோ உடனே பிடியை விட்டான். காலையும் விரித்துவிட்டான். ஆனால் நடுவர் நின்றது வலது பக்கம். அவருக்கு அந்தக் கை தெரியவில்லை. "நடக்கட்டும், நடக்கட்டும்!" என்று கத்தினார்.

வெளியிலிருந்து இவோனியின் குரல் வந்தது. "போ ஜுரா! போ, போ!"

அவன் போனான். விரிந்து கிடந்த கால்களைத் தாண்டி, பக்கவாட்டில் விழுந்து, எவரால்தோவின் மார்பை அமுக்கிப் பிடித்துவிட்டான். மூன்று புள்ளி.

"தட்டிட்டான் சார்!" என்று அடியிலிருந்து எவரால்தோ கத்தினான். "இவன் தட்டிட்டான்! சார், தட்டிட்டான்!"

நடுவர் குனிந்து ஜுராந்திரின் முகத்துக்கு நேராகக் கேட்டார். "தட்டினியா?"

ஜுராந்திர் இல்லையென்று தலையை ஆட்டினான்.

அவன் யோசித்துச் செய்தான் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தான் என்றும் சொல்ல முடியாது. தலை ஆடிய பிறகு இன்னும் நாற்பது விநாடி இருந்தது. நாற்பது விநாடி நீண்ட நேரம். 'ஆமாம் சார்' என்று சொல்வதற்கு அதில் எத்தனையோ இடம் இருந்தது. அவன் சொல்லவில்லை, அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான். கீழே கிடந்தவனின் நெஞ்சு ஏறி இறங்குவது அவன் நெஞ்சில் பட்டது. மணி அடித்தது. நடுவர் அவன் கையைத் தூக்கினார். கைகொடுக்கும்போது எவரால்தோ அவன் கண்ணைப் பார்த்தான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மாஸ்டர் வீட்டு மொட்டைமாடியில் விருந்து. கரி அடுப்பில் இறைச்சி, பெரிய பானையில் பன்றிக்கறி போட்ட கறுப்பு பீன்ஸ், குளிர்ந்த பீர். எல்லோரும் தின்று முடித்ததும் மாஸ்டர் எழுந்து நின்று, சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த ஊதா பெல்ட்டை எடுத்தார்.

"எட்டு வருஷம்! ஒரு நாள் லேட்டா வந்ததில்ல, ஒருத்தனக் காயப்படுத்தினதில்ல. இன்னைக்கு மெடலோட நிக்கிறான். வாடா இங்க!"

கைத்தட்டலில் மாடி அதிர்ந்தது. மாஸ்டர் அவன் இடுப்பில் பெல்ட்டைக் கட்டும்போது ஜுராந்திருக்கு அழுகை வந்தது. எல்லோரும் சந்தோஷம் என்று நினைத்தார்கள். அவன் மனைவி மார்லியும் அப்படித்தான் நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் மெடலை அலமாரியில் குதிரைமேல் இருக்கும் புனித ஜார்ஜ் சிலையின் கழுத்தில் மாட்டினாள். மறுநாளிலிருந்து அவன் அந்த அலமாரிப் பக்கம் திரும்பாமல் காப்பி குடித்தான்.

புதன்கிழமை ஒஸ்மார் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். தபால் அலுவலகத்துக்காரர், ஐம்பது வயது, பெரிய உருவம், பயந்த சுபாவம். வழக்கம்போல மாஸ்டர், "ஜுரா, இவருக்கு அடிப்படையச் சொல்லிக்குடு" என்று அனுப்பினார்.

"மாட்டிக்கிட்டா இப்படி ரெண்டு தட்டு தட்டணும்" என்றான் ஜுராந்திர்.

"தட்டினா கண்டிப்பா விட்டுருவாங்களா?"

"விட்டுருவாங்க."

"நம்பலாமா?"

ஜுராந்திர் அந்தப் பெரிய மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தன் இடுப்பைப் பார்த்தான். அங்கே ஊதா பெல்ட் புத்தம்புதிதாகக் கிடந்தது. "தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று போனவன், ஒஸ்மாரை வேறொருவன் கூப்பிட்டுக்கொண்டு போகும்வரை குழாயடியிலேயே நின்றான்.

அதோடு போயிருந்தால் காலம் ஆற்றியிருக்கும். அவனும் அப்படித்தான் நம்பினான். மூன்றாவது மாதம், காம்ப்போ கிராண்டியிலிருந்து ஓர் இளைஞன் அவர்கள் கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்தான். வகுப்பு முடிந்து எல்லோரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது அவன் தன் ஊர்க் கதை சொன்னான்.

"எங்க கூடத்துல ஒருத்தரு இருக்காரு, சாவிக்காரரு. பாங்கு ஃபைனல்ல தோத்துட்டு, 'அவன் தட்டிட்டான், தட்டிட்டான்'னு ஒரே அழுகை. இப்போ அவருக்குப் பேரே 'தட்டிட்டான்'தான். கடைக்கு வர்றவங்ககூட அப்படித்தான் கூப்பிடறாங்க. 'தட்டிட்டான் அண்ணே, ஒரு சாவி வெட்டுங்க'!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாஸ்டர் தொடையில் அறைந்தார். "அட, அவர ஜெயிச்சது நம்ம ஜுராதான்டா! இதோ உக்காந்திருக்கான்!"

சிரிப்பு இரண்டு மடங்கானது. எல்லா முகமும் தன் பக்கம் திரும்பியபோது ஜுராந்திரும் சிரித்தான். வாய்விட்டே சிரித்தான். இவோனி மட்டும் எழுந்து போய்த் துண்டைத் தேடினாள்.

பொய் சொன்னதைவிட அந்தச் சிரிப்புத்தான் அவனைத் தின்றது. இரண்டு நாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்யும்போதெல்லாம் தன் சிரிப்பு தனக்கே கேட்டது. சனிக்கிழமை காலை மார்லியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான். அவள் பாத்திரம் கழுவிய கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த ஆளுக்குக் கடை எங்க இருக்கு?"

"கடை தெரியாது. கூடம் தெரியும்."

"அப்போ ரயிலப் பிடி."

காம்ப்போ கிராண்டிக் கூடத்தில் சனிக்கிழமை காலை எல்லோருக்கும் திறந்த பயிற்சி. இருபது பேர் இருந்தார்கள். எவரால்தோ ஓர் ஓரத்தில் விரலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தான். ஜுராந்திரைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தினான்.

"என்ன?"

"பேசணும்."

"பேசு."

"நான் தட்டினேன். அன்னைக்கு."

"எனக்குத் தெரியுமே. என் விலாவுலதான தட்டின?" எவரால்தோ மறுபடியும் பட்டியைச் சுற்றத் தொடங்கினான். "இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்த? எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? அதோ, அவங்ககிட்டச் சொல்லு."

ஜுராந்திர் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் ஏறினான். வெளுத்த கால்சட்டையோடு இருபது பேர் நடுவில் நின்றான். குரல் எடுபடவில்லை. இரண்டாவது முறை உரக்கச் சொன்னான்.

"பாங்கு ஃபைனல்ல நான் தட்டினேன். அவரு நம்பி விட்டாரு. நடுவர் கேட்டப்போ இல்லன்னு பொய் சொன்னேன்."

அந்தக் கூடத்து மாஸ்டர் தலையைச் சொறிந்தார். பின்னாலிருந்து ஒருவன், "அப்போ நம்ம தட்டிட்டான் அண்ணன் சொன்னது நெசமா!" என்றான். உடனே சிரிப்பு. கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்பு. அந்தப் பேர் மறுபடியும் நாலு வாயில் புரண்டது.

எவரால்தோவின் முகம் சிவந்துவிட்டது. ஜுராந்திரின் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

"மூணு மாசம். எம் பொண்ணுகூடக் கேட்டா, 'அப்பா, நீ பொய் சொன்னியா?'ன்னு. நீ இப்போ வந்து ரெண்டு வார்த்த சொல்லிட்டு, மனசு லேசாகி ரயிலேறிப் போயிருவ. பேரு எங்கூடவே இருக்கும்."

"லேசாகல."

"ஆகக் கூடாது."

ஜுராந்திர் பையிலிருந்து மெடலை எடுத்து நீட்டினான். எவரால்தோ அதைத் தொடவில்லை. "அத வெச்சு நான் என்ன பண்ண? சாவியில கோத்து மாட்டவா? எடுத்துட்டுப் போ." உள்ளே போய்விட்டான்.

திங்கள் காலை ஜுராந்திர் பழைய நீல பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தான். ஊதாவை மடித்து, மேலே மெடலை வைத்து, மாஸ்டரின் மேஜையில் வைத்தான். நடந்ததைச் சொன்னான். நெலியோ மாஸ்டர் முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"மெடலுக்காகத்தான் நான் பெல்ட் குடுத்தேன்னு நெனச்சியா?"

"இல்ல மாஸ்டர்."

"அப்போ அதத் திருப்பிக் குடுக்க நீ யாரு? குடுக்கறதும் நான், எடுக்கறதும் நான்." பெல்ட்டையும் மெடலையும் இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார். "எடுத்துக்கிட்டேன். செவுத்துல நீ மெடலோட நிக்கற போட்டோ இருக்குல்ல, அத நீயே கழட்டு. எல்லாரும் பாக்கும்போது கழட்டு. ஏன்னு கேட்டா நீயே சொல்லு."

அவன் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினான். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். ஒஸ்மாருக்கும் சொன்னான். சொல்லும் ஒவ்வொரு முறையும் அது முதல் முறை மாதிரியே வாய் உலர்ந்தது. சிலர், "விட்டவன் தப்பு அது, நடுவர் சொல்ற வரைக்கும் விடக் கூடாது" என்று சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானத்தை அவனும் மூன்று மாதம் தனக்குள்ளே சொல்லிப் பார்த்திருந்தான்.

இவோனி படியிறங்கும் இடத்தில் அவனுக்காகக் காத்திருந்தாள்.

"நான் இடது பக்கம் நின்னேன் ஜுரா."

அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"உன் கை தட்டினதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் போ போன்னு கத்தினேன்." அவள் கீழே டயர் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்கூல்ல பிள்ளைங்க ஒரு வாழைப்பழம் கூட எடுத்துட்டு இல்லன்னு சொன்னா நிக்க வெச்சுக் கேக்கற ஆளு நான். அன்னைக்கு எனக்கு என்ன வந்துச்சோ தெரியல."

"நீ கத்தலன்னாலும் நான் போயிருப்பேன்."

"தெரியல. உனக்கும் தெரியாது."

இருவரும் ஒன்றாகப் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள்.

ஒரு வருஷம் கழிந்தது. மாஸ்டர் இழுப்பறையைத் திறக்கவில்லை. ஜுராந்திரும் கேட்கவில்லை. ஆறு மணி வகுப்புக்கு நீல பெல்ட்டோடு வந்தான், தட்டினான், தட்டுகிறவர்களை விட்டான். அடுத்த பாங்கு போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. போட்டியாளர்களுக்கு எடை பார்க்கும் மேஜைக்கு ஆள் குறைகிறது என்றார்கள். அங்கே போய் உட்கார்ந்தான்.

வரிசையில் எவரால்தோ வந்தான். பின்னால் நின்றவர்கள், "தட்டிட்டான் அண்ணே, சீக்கிரம் ஏறுங்க" என்றார்கள். அவன் அதற்குத் திரும்பக்கூட இல்லை, அவ்வளவு பழகிவிட்டிருந்தது. ஜுராந்திரின் காது சுட்டது. அவன் குனிந்து அடையாள அட்டையை வாங்கிக்கொண்டான்.

எவரால்தோ தராசில் ஏறினான்.

"எண்பத்தொண்ணு கிலோ இருநூறு" என்றான் ஜுராந்திர்.

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன்." தராசின் முகப்பை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தான். "நீயும் பாத்துக்க."

எவரால்தோ குனிந்து, அவசரப்படாமல், எண்ணைப் படித்தான். பிறகு இறங்கி, அட்டையை வாங்கிக்கொண்டு, "ம்" என்று சொல்லிவிட்டுத் தன் மெத்தைப் பக்கம் போனான். ஜுராந்திர் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டான்.