குழியை நிரப்பச் சொன்ன கோவிந்தம்மாள்

கோவிந்தம்மாள் இறந்த சேதி எனக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனரில் வந்தது. தக்காளியை மண்டியில் இறக்கிவிட்டு மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே, நான் அம்மா என்று கூப்பிடும் அவருடைய படம். 'எங்கள் அன்புத் தாயே' என்று பெரிய எழுத்து. பக்கத்தில் கைகூப்பி நிற்கிறார் குப்பை லாரி கான்ட்ராக்டர், அம்மாவின் படத்தைவிடப் பெரிய படத்தில். நான் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கோவிந்தம்மாளின் மகன் விடியற்காலையிலிருந்து கூப்பிட்டது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊரை நாறடித்த ஆள்தான் எனக்குத் துக்கம் சொன்னான். கையிலிருந்த டீயை அந்தப் பேனர்மேல் வீச ஓங்கினேன். அம்மா முகத்திலும் தெறிக்குமே என்று விட்டுவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்காக ஒரு வரி: அவர் எங்கள் ஊராட்சியின் தலைவராக இருந்தவர், நான் அப்போது துணைத் தலைவர்.

பெண்களுக்கு ஒதுக்கிய பதவி என்றால் நம் பக்கம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெயர் மனைவியுடையது, அதிகாரம் கணவனுடையது. முதல் கூட்டத்துக்கு அவர் கணவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, தலைவர் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துவிட்டார். அம்மா வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்தார். "ஏங்க, அது பஞ்சாயத்து நாற்காலிங்க. உங்களுக்கு வூட்ல கட்டில் கெடக்குது, போயி சாஞ்சிக்குங்க." கூட்டமே சிரித்துவிட்டது. மனிதர் எழுந்து போனார். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு வீட்டில் சாப்பிடவில்லையாம். "பசிச்சா தானா தட்டு எடுப்பாரு" என்றார் அம்மா.

ஊருக்கு மேற்கே கரடு என்று நாங்கள் சொல்லும் பாறைக்குன்று ஒன்று இருந்தது. கிரானைட்டுக்காக அந்தக் கரட்டை அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கு மிஞ்சியது ஒரு குழி. வேலை முடிந்ததும் சுற்றி வேலி போட வேண்டும், ஓரத்தைச் சரிவாக்க வேண்டும் என்று உரிமம் கொடுக்கும்போதே திட்டத்தில் எழுதியிருந்தது. யார் செய்தார்கள்? மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. மேயப்போன பசு ஒன்று வழுக்கி உள்ளே விழுந்தது. அதைப் பிடிக்கக் குதித்த அதன் சொந்தக்காரன் மாதப்பனும் போய்ச் சேர்ந்தான். செங்குத்தாக அறுத்த பாறை. பிடித்து ஏற ஒரு விரல் வைக்க இடமில்லை. அவன் மனைவி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அந்தப் பாழாப்போன குழிய மூட வெக்கறேன் கண்ணு, இது எம்பொறுப்பு" என்று அம்மா அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட்டோம். 'மேற்படி குழியை உடனடியாக நிரப்பித் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' எழுதிக்கொண்டிருந்த ஊராட்சிச் செயலர் பேனாவை நிறுத்தினார். "எதப் போட்டு நெரப்பறதுன்னும் எழுதிரலாமுங்களா?" நம் ஊர் மரியாதை ஒன்று இருக்கிறதல்லவா? அதிகாரியிடம் குறையைச் சொல்லலாம். தீர்க்கும் வழியைச் சொல்லக்கூடாது. சொன்னால், 'எனக்கே சொல்லித் தர்றியா?' என்று மனுவை மூலையில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. "வேணாம் சாமி. குழிய நெரப்புங்கன்னு மட்டும் போடு. மத்தது அவங்களுக்குத் தெரியாதா?" ஊரே கை தூக்கியது. பக்கத்துக் குவாரிகளில் கழிவுக்கல் மலை மலையாகக் கிடக்கிறது; அதைத்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள் என்று எல்லோரும் நம்பினோம்.

பதில் வந்தது. எங்கள் குழி, டவுன் குப்பை கொட்டும் இடமாகத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறதாம். எந்த டவுன் என்று எழுதினால் எனக்கு நோட்டீஸ் வரும். எந்த ஆபீஸ் என்றும் எழுத மாட்டேன். அம்மாவும் நானும் அங்கே ஓடினோம். அதிகாரி மிகவும் அன்பாகப் பேசினார். அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

"ஏம்மா, கிராம சபையே கேட்டிருக்கீங்க. உங்க கையெழுத்துதானே இது? உங்க கோரிக்கையத்தான் ஏத்துக்கிட்டோம்."

அம்மா அந்தக் கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "பசிக்குது, எலையில ஏதாச்சும் போடுங்கன்னு கேட்டா, சாணியப் போடுவீங்களா சார்?"

"கீழ பிளாஸ்டிக் ஷீட் விரிப்போம்மா, ஒரு சொட்டு இறங்காது. எல்லாம் சயின்டிபிக்கா பண்றோம்."

"அந்தக் குழிக்குக் கீழ்ப்புறந்தான் எங்க கெணறெல்லாம் இருக்குது. பாறையெல்லாம் வெடி வெச்சி வெடிச்சிக் கெடக்குது சார். ஒரு தடவ வந்து பாருங்க."

அவர் வரவில்லை. ஷீட் விரித்தார்கள், ஒரு மூலையில், போட்டோ எடுக்கும் அளவுக்கு. அடுத்த வாரமே லாரிகள் வந்தன. அம்மா ரோட்டில் உட்கார்ந்தார். போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் விட்டார்கள். திங்கட்கிழமை மனு நாளில் தருமபுரிக்கு நடையாய் நடந்தார். ரசீது கொடுத்தார்கள், வேறென்ன கொடுப்பார்கள்?

மழைக்காலம் முடிந்தபோது கிணறுகள் நிறம் மாறின. அப்போது நம் ஜனம் என்ன செய்தது? குப்பை கொட்டியவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடுக்க வேண்டிய ஏச்சையெல்லாம் கோவிந்தம்மாளுக்குக் கொடுத்தது. "நீதானம்மா நெரப்பச் சொன்ன" என்றார்கள். மாதப்பனின் மனைவி நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டாள்: "எம்புருசன் செத்த எடத்துல பீயும் பிளாஸ்டிக்குமா கொட்ட வெச்சிட்டியே அக்கா, நல்லா இருப்பியா?" அம்மா வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "அவ கேக்கறதுல தப்பில்லப்பா. ஆனா என்னத் திட்டற வாயெல்லாம் அந்த ஆபீஸ்ல போயித் தொறக்கவே மாட்டேங்குதே!" பதவிக்காலம் முடிந்ததும் அவருக்கு வணக்கம் சொல்பவர்களும் குறைந்துபோனார்கள். பேனரில் 'தாயே' என்று போட்டுக்கொண்டவர்கள் அப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். மாரடைப்பாம்; தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பெண்கள் குளிப்பாட்டுவதற்காக வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்தி, குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். நாற்றம் வாசல்வரை வந்தது. அவர் கணவர் எழுந்து போய்க் குடங்களைக் காலால் தள்ளிவிட்டார். "இந்தத் தண்ணியிலயா அவளக் குளிப்பாட்டுவீங்க? இதுக்குத்தானே அவ செத்தா!" என்று கத்தினார். அதுவரை அவர் குரலை நான் இவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை. மகன் வண்டியை எடுத்துக்கொண்டு போய், கடையில் கேன் தண்ணீர் வாங்கிவந்தான். ஊர்க் கிணற்றையெல்லாம் காப்பாற்றப் போராடிய மனுஷியைக் கடைத் தண்ணீரில் குளிப்பாட்டி அனுப்பினோம். எனக்கு அழுகை வரவில்லை. வயிறுதான் எரிந்தது, இன்னும் எரிகிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த எரிச்சலையும், அவர் கடைசிக் காலத்தில் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றையும்தான்: "இனிமே எது கேட்டாலும் வேணுங்கறத ஒரு வரி எழுது, வேணாங்கறத ஒரு வரி எழுது. அவங்களுக்கே தெரியும்னு மட்டும் விட்டுராத." இந்தத் திங்கட்கிழமை தருமபுரிக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் ஊருக்குத் தினமும் லாரியில் குடிதண்ணீர் அனுப்ப வேண்டும் என்று முதல் வரியில் எழுதினேன். குப்பை ஏற்றி வரும் லாரியில் அனுப்ப வேண்டாம் என்று அடுத்த வரியில் எழுதினேன்.