அப்பாவின் கூடாரத்தில் சாப்பிட்டவர்கள்

அம்பாங்கானில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. வேலை முடிந்து வந்தால் பெரும்பாலும் அங்கேதான் உட்காருவேன். போன வாரம் அங்கிருந்த தொலைக்காட்சியில் ஏதோ ஒரு தூர தேசத்துப் பொது வாக்கெடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆம், இல்லை என்ற இரண்டே பதில்களுக்காக ஒரு தெரு முழுக்க நின்று கத்திக்கொண்டிருந்தது. ஓர் அப்பாவும் மகளும் காமிராவை மறந்து விரல் நீட்டித் திட்டிக்கொண்டார்கள். கல்லாவில் இருந்த அக்கா, "இதுக்குப் போயி பெத்த அப்பனோட யாராச்சும் சண்டை போடுவாங்களா லா?" என்றார். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனை வந்தது.

ஆட்டுக்கறி வாசனை என்றால் உங்களுக்குத் தீபாவளி நினைவுக்கு வரலாம். எனக்குத் தேர்தல்தான் வரும்.

தம்பின் என்ற சின்ன ஊரிலிருந்து உள்ளே போனால் வரும், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவள் நான். அப்பா அங்கே மண்டோர். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். ஆளும் கட்சியின் கிளைத் தலைவரும் அவரே. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவதும், பள்ளிப் பேருந்து வராவிட்டால் போன் போட்டுச் சத்தம் போடுவதும், இழவு வீட்டுக்கு வேன் பிடிப்பதும் அவர்தான். தேர்தலன்று பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி, முச்சந்தியில் கட்சிக் கூடாரம் போடுவார். அம்மா பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி வைப்பார். யார் கூடாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமோ அவருக்கே ஓட்டு என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். யாரும் சட்டம் போடவில்லை. அப்படித்தான் நடந்து வந்தது. அதனால் அப்பா ஓட்டுப் பெட்டியைப் பார்க்கமாட்டார், அண்டாவைத்தான் பார்ப்பார். அண்டாவின் அடி தெரிந்துவிட்டால் மீசையைத் தடவிக்கொள்வார். அதுவரை அந்தக் கணக்கு ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

எல்லாரும் ஒரே ஒரு காரியத்துக்காகக் காத்திருந்தோம். தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு நான் சிறுமியாக இருந்தபோதே வந்துவிட்டது. விற்றால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் போய்விடும். பள்ளிக்குப் பின்னாலிருந்த நிலத்தில் எங்கள் எல்லாருக்கும் சேர்த்து வீடு கட்டித் தருவதாக ஒய்பி ஒவ்வொரு தேர்தலிலும் சொல்வார். தொகுதி உறுப்பினரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் சொன்னதை அப்பா தன் வாக்காகவே ஆக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்வார்.

பிறகு அந்தத் தேர்தல் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்ததிலிருந்து மாறாத ஆட்சியை மாற்றலாமா, வேண்டாமா? வேட்பாளர் யார் என்றுகூடப் பலர் கேட்கவில்லை. வாக்கெடுப்பு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் நான் பல்கலைக்கழகம் முடித்துத் திரும்பியிருந்தேன். அப்பா ஆறாம் வகுப்பு, அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. அன்று அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. குழம்பில் உப்பு அதிகம் என்று அம்மா சொன்னால்கூட ஆதாரம் கேட்பேன்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார் அப்பா. மைக்கைப் பிடித்து, "யாரும் பயப்படாதீங்க. உங்க ஓட்டு ரகசியம். எவனும் பாக்க முடியாது. ஆனா வீடு வேணும்னா யோசிச்சுப் போடுங்க" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "நான் ஒன்னாவது படிக்கிறப்பவும் இதே வீடுதான்பா. இப்ப டிகிரியே முடிச்சிட்டேன். இன்னும் ஒரு செங்கல்லு வரலையே?"

அப்பா மைக்கை வாயிலிருந்து இறக்கினார்.

"உக்காரு."

"பதில் சொல்லுங்க, உக்காந்துக்கறேன்."

"இது நம்ம வீடு இல்ல. இங்க நான் உனக்கு அப்பன் இல்ல, தலைவரு."

"அதனாலதான் கேக்கறேன். அப்பனா இருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

அப்பாவின் கூட்டாளி, லோரி ஓட்டும் கோபால் மாமா, பின் வரிசையிலிருந்து, "மண்டோரே, படிக்க வெச்சது நீங்கதான? வாங்கிக்குங்க லா!" என்றார். சிரிப்பு வெடித்தது. அப்பா மைக்கை அணைத்தார். அன்றிலிருந்து வீட்டில் என்னிடம் நேராகப் பேசவில்லை. "அவளச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம்தான் சொல்வார், நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே.

தேர்தலன்று முச்சந்தியின் ஒரு பக்கம் அப்பாவின் கூடாரம். மறுபக்கம் ரம்புத்தான் மரத்தடியில் எதிர்க்கட்சியின் ஒற்றை மேசை, நாலு நாற்காலி, தண்ணீர் பாட்டில்கள். அந்த மேசையில் நான். எங்களிடம் யாரும் வந்து நிற்கவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த அத்தைகள் குனிந்த தலையோடு கடந்து போனார்கள். கூடாரத்தில் இடம் போதாமல் ஆட்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். கறி வாசனை சாலையைத் தாண்டி வந்து என் வயிற்றைக் கிள்ளியது. மத்தியானம் கோபால் மாமா ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"உங்கப்பா குடுத்தாரு. சாப்ட்டுட்டுத் தெம்பா எதிர்த்து நில்லுன்னாரு."

கொள்கைப்படி மறுத்திருக்க வேண்டும். மரத்துக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டேன்.

நாலு மணிக்கு அண்டா காலி. அப்பா மீசையைத் தடவிக்கொண்டதை இங்கிருந்தே பார்த்தேன். வாக்கு எண்ணும்போது உடனிருக்கும் முகவராக அவரே பள்ளிக்குள் போனார்.

எங்கள் பள்ளியில் ஓட்டுப் போட இரண்டு அறைகள். அந்த அறையை மலாயில் 'சாலுரான்' என்பார்கள். வயதில் மூத்தவர்கள் முதல் சாலுரானில், இளையவர்கள் இரண்டாவதில். எண்ணுவதும் தனித்தனியாகத்தான். தனி ஆளின் ஓட்டு ரகசியம். ஆனால் ஒரு தோட்டத்துப் பெரியவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை யாரும் மறைக்க முடியாது.

பொழுது சாயும் நேரம் அப்பா வெளியே வந்தார். கதவுக்கு வெளியே காத்திருந்த எங்களைப் பார்த்து, "ரெண்டாவது போவும்னு தெரியும். புள்ளைங்க" என்றார். பிறகு கோபால் மாமாவை மட்டும் பார்த்து, "மொதலும் போச்சு" என்றார்.

முதல் சாலுரான் என்றால் அவர் வயதுக்காரர்கள். பிறப்புப் பத்திரத்துக்கு அவரை அலையவைத்தவர்கள். கோபால் மாமா. அம்மா. இப்போதுதான் அவர் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள். மாமா சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். இளைஞர்கள் மோட்டாரில் ஹார்ன் அடித்துக்கொண்டு லயத்தைச் சுற்றினார்கள். ஜெயித்தது நான். ஆனால் எனக்குக் கை தட்ட வரவில்லை.

வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்து, அம்மாவைப் பார்க்காமலேயே கேட்டார்: "நீயுமா?"

"ஓட்டு ரகசியம்னு மைக்ல நீங்கதான சொன்னீங்க" என்றார் அம்மா. ரசம் ஊற்றினார்.

நாட்டில் ஆட்சி மாறியது. அப்பா கிளைப் பதவியை விட்டார். கோபால் மாமா வாசல்வரை வந்து திரும்பிப் போக ஆரம்பித்தார். அப்பாவிடம் வந்த கேள்விகள் இப்போது என்னிடம் வந்தன. சந்தையில், கோயிலில், பேருந்து நிறுத்தத்தில். "ஏம்மா, மாத்தச் சொன்னியே, மாத்திட்டோம். வீடு எப்ப?" புதிய ஒய்பியைப் பார்க்கப் போனேன். சிரித்தபடி, "பாதை போட்டாச்சு, வீடு வந்துடும்" என்றார். அதையே நானும் வீடு வீடாகச் சொன்னேன். அப்பாவின் குரல் என் வாயிலிருந்து வருவதுபோல எனக்கே சில சமயம் இருந்தது.

அடுத்த தேர்தல் வருவதற்குள் ஆட்சி கவிழ்ந்தது. அதற்காக யாரும் ஓட்டுப் போடவில்லை. எங்கள் ஒய்பியும் சிலரோடு பழைய ஆளும் கட்சிப் பக்கம் தாவிவிட்டார். மறுநாள் காலை தம்பின் சந்தைக் காப்பிக் கடையில் தோட்டத்து ஆண்கள் என்னை வளைத்துக்கொண்டார்கள்.

"வெரல்ல மை போனதுமே ஆளும் போயிட்டான் லா!"

"படிச்சவ சொன்னான்னு போட்டோம். இப்ப ரெண்டு பக்கமும் இல்ல."

அப்போது அப்பா உள்ளே வந்தார். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் சொல்லப்போவதைக் கேட்க ஆசையாகக் காத்திருந்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவர் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாதக்கணக்கில் பேசாதவர், என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "இப்ப நாம யாருகிட்டப் போயி கேக்கறது?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். "தெரியலப்பா" என்றேன். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு இருவரும் ஒன்றாகவே அலைந்தோம், எல்லா அலுவலகங்களுக்கும். பலனில்லை. தோட்டம் கைமாறியது, லயங்களை இடித்தார்கள். கோபால் மாமா மகனோடு கெமாஸுக்குப் போனார். சிலர் தம்பினுக்கு, நாங்களும் இன்னும் சில குடும்பங்களும் அம்பாங்கானுக்கு வந்தோம். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தையும் பூட்டினார்கள். வீடு வரவிருந்த நிலத்தில் இப்போது யாரோ செம்பனைக் கன்று நட்டிருக்கிறார்கள்.

போன தேர்தலில் நானும் அப்பாவும் இங்கே ஒரு பெரிய பள்ளியில் ஓட்டுப் போட்டோம். வரிசை வரிசையாக அறைகள், முகம் தெரியாத ஆயிரம் பேர். எந்தக் கட்சிக்காரரும் எங்கள் மாடிக்கு வந்து எதையும் தருவதாகச் சொல்லவில்லை. ஓட்டுப் போட்டு வந்த அப்பா அறை எண்கள் எழுதிய பலகை முன் வெகுநேரம் நின்றார்.

"இதுல நம்ம தோட்டத்து ஆளுங்க எந்த சாலுரான்?"

"எல்லாத்துலயும் ஒவ்வொருத்தரா இருக்காங்கப்பா."

பலகையை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அப்ப நாம எதிர்த்துப் போட்டாக்கூட கட்சிக்காரனுங்களுக்குத் தெரியாது."