குட்டிக்கரணக்காரனுக்கு ஒரு குடை

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்றாம் ஃபாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேனாவைவிட உளிதான் நான் சொன்னபடி கேட்கும். ஆனால் மழை விடுகிறதாகத் தெரியவில்லை. பலகையெல்லாம் ஊறிப்போய், இழைப்புளி போட்டால் சுருள் வராமல் கூழ் வருகிறது. சும்மா இருந்தால் அம்மா விறகு கீறச் சொல்வாள். அதற்கு இது தேவலை.

என் பட்டறை என்றால், வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டகையில் பாதி. மற்றப் பாதி ஆட்டுக்கு. கால் ஒடிந்தது என்று எங்கள் வேதக்கோயிலில் தூக்கிப் போட்ட பெஞ்சுதான் வேலை மேசை. அதில் வைத்துப் பம்பரம், கிலுக்கு, தள்ளுவண்டி என்று என்னென்னவோ செய்வேன். மூடியைத் தள்ளினால் உள்ளேயிருந்து மரப்பாம்பு பாய்ந்து விரலைக் கொத்துகிற பெட்டியும் செய்வேன். பிறந்தநாள், கல்யாணம், கிறிஸ்மஸ் எதுவானாலும் ஊர்க்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். சாமானை வாங்கினால் என்னையே ஒருதரம் திறந்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் கொண்டுபோவார்கள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்தப் பாம்பிடம் முதல் கொத்து வாங்கினவன், சின்ன வயசுச் சிநேகிதனான என் கூட்டுக்காரன். இந்தக் கதையில் கல்யாண மாப்பிள்ளையும் அவன்தான்.

எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்த எல்லைக் கிளர்ச்சிக் காலம். பாறசாலையில் சேர வேண்டும் என்று ஒரு கூட்டம் நடந்தால், நெய்யாற்றின்கரையில் சேரக் கூடாது என்று ஒரு கூட்டம். இரண்டு மேடையிலும் ஓர் ஆள் தவறாமல் இருப்பார். மரச்சீனிக் கிழங்கு யாவாரம் செய்கிறவர். இங்கே தமிழில் கைதட்டு வாங்கிவிட்டு, பஸ் ஏறிப்போய் அங்கே மலையாளத்தில் கைதட்டு வாங்குவார். அவருடைய இளைய மகளைத்தான் என் கூட்டுக்காரனுக்குப் பேசியிருந்தார்கள்.

அவர் குடையைக் கையில் பிடிக்க மாட்டார். கொக்கியைச் சட்டைக் காலரின் பின்பக்கம் மாட்டி, முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார். முன்னால் பார்த்தால் மற்ற ஆட்களைப் போலத்தான் இருப்பார். பின்னால் பார்த்தால், எட்டு வயல் தாண்டி நின்றாலும் இன்னார் என்று சொல்லிவிடலாம்.

அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்தப் பொம்மை தோன்றியது. பாக்குமரச் சிம்பு இரண்டு, நடுவில் அவற்றைப் பிடிக்க ஒரு குறுக்குக் கட்டை. மேல் நுனிகளுக்கு இடையே முறுக்கின நூல், அதில் கை கோத்துத் தொங்குகிற ஒரு மர மனிதன். சிம்பின் அடியை அமுக்கினால் ஆள் குட்டிக்கரணம் போட்டு அந்தப் பக்கம் விழுவான். திரும்ப அமுக்கினால் இந்தப் பக்கம். முகத்துக்கு நான் பெரிதாக மெனக்கெடவில்லை. இரண்டு புள்ளி, ஒரு கோடு. முதுகுக்குத்தான் பாடுபட்டேன். ஈர்க்கிலில் கறுப்புத் துணி சுற்றி, கம்பியில் கொக்கி வளைத்து, ஒரு குடையை மாட்டிவிட்டேன்.

கூட்டுக்காரன் வந்து பார்த்தான். பார்த்ததும் வேர்த்துவிட்டது.

“எலே, இது எனக்க மாமனாராக்கும்!”

“இன்னும் ஆகல்லியே மக்கா. ஓலை இனிதானே வாசிக்கப் போறாவ.”

“அதுக்குத்தாம்பிலே சொல்லுதேன். ஓலை முடியது வரைக்கும் இத வெளிய எடுக்காத. அந்த ஆட்டுக்குப் போடு.”

“ஆடு இத தின்னாது. அதுக்கு ருசி உண்டு.”

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் எழுந்து சொல்லலாம் என்று போதகர் கேட்பார். மூன்று ஞாயிறும் யாரும் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணைப் பார்ப்பதற்காகவே, குரல் என்று ஒன்று இல்லாமலே பாட்டுக்குழுவில் போய் நின்று வாயை வாயை அசைத்தவன் என் கூட்டுக்காரன். அவள் அப்பா “சரி” சொல்ல ஒரு வருஷம் பிடித்தது. “வேண்டாம்” சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் போதும்.

முதல் ஓலை வாசித்த அன்றைக்கு அறுப்பின் பண்டிகையும் வந்தது. அவரவர் வீட்டு விளைச்சலைக் கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். என்னிடம் கோழியும் இல்லை, வாழைக்குலையும் இல்லை. என் விளைச்சல் அந்தப் பொம்மைதான். கூட்டுக்காரன் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சேனைக்கிழங்குக்கு நடுவில் சொருகி வைத்தேன்.

ஏலம் விட்ட உபதேசியார் அதைத் தூக்கி ஓர் அமுக்கு அமுக்கினார். மர மனிதன் குடையோடு கரணம் அடித்தான். முற்றமே சிரித்தது. மரச்சீனிக்காரர் முன்னால் வந்து பொம்மையை வாங்கிப் பார்த்தார். என் கூட்டுக்காரன் தென்னை மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

“இது ஆருலே?” என்று என்னிடம் கேட்டார்.

“ஆரும் இல்ல மாமா. சும்மா ஒரு ஆளு.”

“சும்மா ஒரு ஆளு இப்படி அங்கோட்டும் இங்கோட்டும் சாடுவானா?” அமுக்கினார். திரும்ப அமுக்கினார். முகம் மலர்ந்துவிட்டது. “எலே, இது அந்தக் காட்டாக்கடைக்காரனாக்கும்! நேத்து இங்க, இன்னிக்கு அங்க. அவனேதான்!”

காட்டாக்கடைச் சந்தையில் இவருக்குப் போட்டியாக மரச்சீனி வாங்குகிற ஆள் ஒருவர் உண்டு. அவரும் இரண்டு கூட்டத்திலும் தலைகாட்டுகிறவர்தான். ஆனால் அவர் குடையே வைத்துக்கொள்வதில்லை. அதை யார் போய் இவரிடம் சொல்வது? தன் முதுகை இவர் எங்கே பார்த்தார்? ஏலத்தில் எதிர்த்துக் கேட்க ஆளே இல்லை. இருந்தும் தானே கேட்டு, தானே ஏற்றி, பொம்மையை எடுத்துக்கொண்டு போனார்.

அதோடு விட்டாரா? அந்த வாரம் பாறசாலைக் கூட்டத்தில் பேச்சின் நடுவே பொம்மையை எடுத்து நீட்டினார்.

“பாருங்க, காட்டாக்கடைக்காரனுக்க கொள்கை!”

பந்தல் குலுங்கியது. பொம்மையை மேசையில் வைக்க அவர் முதுகைத் திருப்பினார். சிரிப்பு இன்னும் கூடியது. அன்றைக்கே பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போய், “கண்டோ, காட்டாக்கடக்காரன்றெ களி!” என்று அங்கேயும் ஆட்டிக் காட்டினார். அவ்வளவு கைதட்டு அவர் ஆயுசில் வாங்கினதில்லை.

“ஆராவது ஒருத்தன் அவருட்ட சொல்லிருவான் பிலே,” என்று கூட்டுக்காரன் ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பினான். “நாம ரெண்டுபேரும் ஒரே பீடியை மாத்தி மாத்தி வலிக்கிறவனுவன்னு அவருக்குத் தெரியும்.”

“சொன்னாலும் நம்ப மாட்டாரு. நீ பேடிக்காத.”

இரண்டாம் ஓலையும் தடையில்லாமல் போயிற்று. அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமை, மனிதர் நேரே என் பட்டறைக்கே வந்துவிட்டார்.

“நூலு அறுந்து போச்சு மக்களே. ரெண்டு எடத்திலயும் ஆட்டிக் காட்டச் சொல்லி ஆளுவ விடல்ல.”

பொம்மையை வாங்கிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு நான் நூலைத் தேடினேன். என் கொட்டகைக்குக் கூரை தாழ்வு. முதுகில் குடையோடு நுழைந்தால் ஓலையில் சிக்கும். அவர் குடையைக் கழற்றிப் பக்கத்து ஆணியில் மாட்டினார். மாட்டினவர் திரும்பவில்லை.

சுவரில் பெரிய குடை ஒன்று. பக்கத்தில் அதேபோல் சின்னக் குடை ஒன்று. ஆடு மட்டும் மென்றுகொண்டிருந்தது.

“சும்மா ஒரு ஆளு,” என்றார்.

“ஆமா மாமா.”

“சும்மா ஒரு ஆளுக்கு குடை எதுக்கு?”

“மழை வருமில்லியா மாமா.”

அவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். அது ஆடியது, விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“மூத்தவள களியக்காவிளைக்கு அங்கோட்டு கெட்டிக் குடுத்தாச்சு. இளையவள இங்கோட்டு குடுக்கப் போறேன். எல்லைக் கோடு எங்க விழும்னு ஒனக்குத் தெரியுமாலே? நான் சாடாம பின்ன என்ன செய்ய?”

நான் நூல் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் பொம்மையை எடுத்துப் பின்பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“கொக்கிய நீ வலத்தோட்டு வளச்சிருக்கா. எனக்கு இடத்தோட்டாக்கும். திருத்து.”

அவர் பார்த்துக்கொண்டே இருக்க, கொக்கியைத் திருத்தி, நூலையும் கோத்துக் கொடுத்தேன். குடையை மாட்டிக்கொண்டு வெளியே போய், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“நாளைக்கழிஞ்சு ஞாயிறு கோயிலுக்கு வா. முன்னால இரி.”

இதைச் சொன்னபோது கூட்டுக்காரன் என்னை அடிக்கச் சுத்தியலைத் தேடினான். நல்ல வேளை, நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு நல்ல வெயில். முன் பெஞ்சில் நானும் அவனும். எங்களுக்குப் பின் பெஞ்சில் அவர். போதகர் ஓலையை வாசித்துவிட்டு, “தடை சொல்ல ஆள் உண்டானால் இப்போது சொல்லலாம்” என்றார்.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. அவர் எழுந்து நின்றார்.

பாட்டுக்குழுவில் நின்ற பெண்ணின் கையிலிருந்து புத்தகம் விழுந்தது. என் கூட்டுக்காரன் என் தொடையைப் பிடித்த பிடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அவசரப்படவில்லை. குடையைக் கழற்றினார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு குனிந்து என்னைப் பார்த்தார்.

“அய்யரே, இங்க ஒழுகுது,” என்றார் போதகரிடம்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவர் சாவகாசமாக நடைபாதையைத் தாண்டி, என் பொம்மை மாதிரி அந்தப் பக்கத்துக்கு, பெண்கள் பக்கம் போய், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, குடையைத் திரும்ப முதுகில் மாட்டினார். அந்த அம்மா வாயில் சேலையைத் திணித்துக்கொண்டாள். சபை முழுக்கப் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கியது. போதகருக்கு அடுத்த வரி கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆராதனை முடிந்து முற்றத்துக்கு வந்ததும் கூட்டுக்காரனுக்கு உயிர் திரும்பியது. நான் அவன் தோளில் கையைப் போட்டேன்.

“ஓலை முடிஞ்சாச்சு மக்கா, இனி ஆரும் தடுக்க முடியாது. கல்யாணத்துக்கு ஒனக்கு என்ன செய்து தரட்டு? கூச்சப்படாம சொல்லு.”

“அது வரைக்கும் நீ உளியத் தொடாம இரி பிலே, அதாக்கும் எனக்கு வேண்டிய சம்மானம்.”